பேரம் படியாத கன்னம்

அந்தக் கடைத்தெருவில் துணிக்கடைகள் பல உண்டு. ‘ரேடியோ கடை’ என்றால் ஒன்றுதான். பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை எழுதினவனைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் வாய் காலையில் ஷட்டரோடு திறந்தால் ராத்திரி ஷட்டரோடுதான் மூடும். அதனால் அந்தப் பெயர்.

அவள் கணவருக்குத் துணியை அளப்பது, கிழிப்பது, மடிப்பது இவைதான் வேலை. பேச்சு அவர் இலாகா இல்லை. யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால், கேட்டவர் வாயை மூடுமுன் “சரி, எடுத்துக்குங்க” என்றுவிடுவார். அதனால் ரேடியோ அவரைக் கத்தரிக்கோலோடு சேர்த்துக் கடையின் உள்மேசைக்கு அனுப்பிவிட்டாள்.

ஊருக்கே தெரிந்த வாய் அவளுக்கு. ஊருக்குத் தெரியாத தொல்லை ஒன்றும் இருந்தது. சிறுநீர் ஒழுங்காக வராது. வந்தாலும் கஞ்சன் வீட்டு எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாக வரும். அவள் கழிவறைக்குள் போனால், கடையில் காத்திருக்கும் ஆள் எதிர்க்கடையில் துணி எடுத்துக்கொண்டு, அதைக் காட்டிவிட்டுப் போகவும் திரும்பி வந்திருப்பார். வெளியே வந்த பிறகும் மிச்சம் உள்ளேயே இருப்பது போலிருக்கும். அடிக்கடி எரிச்சல், காய்ச்சல். பல வருஷமாக ஒரு கிளினிக்கில் மெல்லிய கம்பி போன்ற ஒன்றை விட்டுப் பாதையை அகலப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில மாதம் சுகம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மொத்தச் சந்தைக்குப் போக முடியாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அது பஸ்ஸில் அரைநாள் பயணம், நடுவில் எங்கேயும் நிற்காது. அவளுக்குப் பதில் கணவர் போனார். அவர் படியேறுவதைக் கண்டதும் மொத்த வியாபாரி எழுந்து நின்று நாற்காலி போட்டான் என்றால் பாருங்கள். சொன்ன விலைக்கு வாங்கி வந்ததோடு, பார்த்தாலே கண் கூசும் பச்சையில் ஒரு மூட்டைத் துணியும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. அந்த மூட்டையைப் பார்த்த அன்றுதான் ரேடியோ பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அங்கிருந்த டாக்டரம்மா வயதில் இளையவள். பேச்சு பஞ்சு மாதிரி. பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்னாள்: “சிறுநீர் வர்ற பாதை தழும்பாகிச் சுருங்கியிருக்கு. இனிமே அகலப்படுத்துறது வேண்டாம்மா. ஒவ்வொரு தடவையும் உள்ள கொஞ்சம் கிழியுது. ஆறும்போது தழும்பு இன்னும் இறுகுது.”

“அதானே,” என்றார் கூடவே வந்திருந்த கணவர். “தையலைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டா துணி நைஞ்சு போயிடும். ஒட்டு வெச்சுத்தான் ஆகணும்.”

“அதேதான் செய்யப் போறோம். வாய்க்குள்ள, கன்னத்தோட உள்தோல்ல ஒரு துண்டு எடுத்து, அங்க ஒட்டு வெச்சுத் தைப்போம்.”

ரேடியோ நின்றுபோனது. இப்படி நடந்ததே இல்லை என்பதால் கணவர் திரும்பிப் பார்த்தார்.

“வாயிலேருந்தா?” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா. அந்தத் தோல் எப்பவும் ஈரத்துலயே இருந்து பழகினது. அங்கயும் ஈரம்தானே? நல்லா ஒட்டிக்கும்.”

“டாக்டரம்மா, நான் வாயை வெச்சுப் பொழைக்கிறவ. தொடையிலேருந்து எடுத்துக்குங்க. சரக்கு நிறைய இருக்கு. நீங்க கேக்குற அளவு தரேன்.”

“தொடைத் தோல்ல முடி முளைக்கும்.”

“அப்ப இவரு வாயிலேருந்து எடுங்க. பிரிக்காத பெட்டி மாதிரி புத்தம் புதுசா இருக்கும். ஒருநாளும் உபயோகிச்சதே இல்ல.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் குனிந்து மேசையில் எதையோ தேடினாள். “அவங்கவங்க தோல்தான் அவங்கவங்களுக்கு.”

“சரி, எவ்வளவு நீளம்?”

டாக்டரம்மா சுண்டுவிரலைக் காட்டினாள்.

“அதுல பாதி.”

“அம்மா, தழும்பு இருக்குற அளவுக்குத்தான் ஒட்டு. இதுல பேரம் இல்ல. இன்னொண்ணும் சொல்லிடறேன். நூத்துக்கு நூறு சரியாகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்குத் திரும்ப இறுகலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் அடக்க முடியாம கசியலாம். ஆனா நிறையப் பேருக்கு நல்லா ஆகியிருக்கு. வாயும் சீக்கிரம் ஆறிடும். பழையபடி பேசலாம்.”

குறையை முதலில் சொல்லி விற்பவரை ரேடியோ அதுவரை பார்த்ததில்லை. இது என்ன புதுத் தந்திரமோ என்று யோசித்தாள். பிடி கிடைக்கவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கட்டுப்படியாகாதும்மா. வேற இடம் பாத்துக்கறோம்.”

கணவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

“ஏம்மா, எங்க போறோம்?”

“பேசாம வாங்க. படி எறங்குறதுக்குள்ள கூப்பிடுவாங்க. கன்னத்தை விட்டுக் கீழ எறங்கி வருவாங்க பாருங்க.”

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரேடியோவின் உதட்டில் வெற்றிச் சிரிப்பு. “அடுத்தவங்க வாங்க!” என்றாள் நர்ஸ்.

படிக்கட்டு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. முதல் படியில் நின்று பையில் இல்லாத சாவியைத் தேடினாள். இரண்டாவது படியில் செருப்பைச் சரிசெய்தாள். வாழ்நாளில் எத்தனையோ பேரை இப்படி நடக்கவிட்டுக் கூப்பிட்டவள், எத்தனையோ கடைகளில் நடந்து கூப்பிடப்பட்டவள். இங்கே என்னடாவென்றால் கடைக்காரி அடுத்த ஆளுக்குச் சரக்கைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவசரம் வந்தது. கழிவறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு. முக்கினாள். இன்னொரு சொட்டு. வெளியே யாரோ தட்டினார்கள். “உள்ள இருக்கீங்களா, குடி வந்துட்டீங்களா?” வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அவள் கொடுத்திருக்கும் பதிலில் கதவே பெயர்ந்திருக்கும்.  இன்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கும் ஏறக்குறைய அந்தத் துணிமூட்டையின் பச்சைதான் அடித்திருந்தார்கள்.

வெளியே வந்தவள் நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். “யாரும் கூப்பிடாம நான் திரும்பி வந்த ஒரே கடை உங்களுதுதான். எந்தக் கன்னம் வேணுமோ எடுத்துக்குங்க.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரத்துக்கு சிறுநீருக்காக ஒரு குழாயும் பையும் கூடவே இருந்தன. வாய்க்குள் தையல். முதல் நாட்களில் ஆறின கஞ்சியும் மோரும்தான். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டோடு இரு என்றால் கேட்கிற ஆளா? கன்னம் வீங்கினபடி கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒத்தாசைக்கு வந்த நாத்தனார்க்காரிக்கு ஒரே கொண்டாட்டம்.

“அண்ணி, கடைத்தெருவே வந்து விசாரிக்குது. கரண்ட் போச்சா, ரேடியோ ரிப்பேரான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

ரேடியோ கண்ணாலேயே அவளைச் சுட்டுப் பொசுக்கினாள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஒரு பெண் திரைச்சீலைத் துணி எடுத்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டாள். ரேடியோவால் பதில் பேச முடியாது. சும்மா பார்த்தாள். அந்தப் பெண் நெளிந்தாள். “சரி, கொஞ்சம் சேத்துத் தரேன்.” ரேடியோ புருவத்தை மட்டும் உயர்த்தினாள். “ஐயோ, கோச்சுக்காதீங்க, சொன்ன விலையே வெச்சுக்குங்க!” உள்மேசையிலிருந்து கத்தரிக்கோல் விழும் சத்தம் கேட்டது. அந்த வாரம் பச்சை மூட்டையில்கூடப் பாதி போய்விட்டது.

“அண்ணி, இன்னொரு கன்னத்தையும் கொடுத்துடுங்க,” என்றாள் நாத்தனார். “கடை எங்கயோ போயிடும்.”

ஆனால் ரேடியோவின் மனசு கல்லாவில் இல்லை. வீக்கம் வடிந்தது, பேச்சும் திரும்பியது. அடிவயிற்றில் இருந்த பயம் மட்டும் போகவில்லை. குழாயை எடுத்த பிறகு வருமா, வராதா?

குழாயை எடுத்த அன்று, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அவள் வெளியில் போனால் தண்ணீர் குடிக்காதவள். ஒரு பாட்டிலை ஏதோ விஷம் போல வாயில் கவிழ்த்தாள். பிறகு ஒரு சின்ன அறை. நாற்காலிக்கு அடியில் ஒரு புனல், பக்கத்தில் சிறுநீர் வரும் வேகத்தைக் கோடாக வரையும் இயந்திரம். சிகிச்சைக்கு முன்னால் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்தபோது கோடு தரையிலேயே படுத்துக் கிடந்தது.

உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் முக்கத் தயாரானாள்.

தேவைப்படவில்லை.

வெளியே நின்ற கணவருக்குச் சத்தம் கேட்டது. “ஏம்மா, குழாயைத் திறந்து விட்டுட்டியா?” என்றார் பதறி.

உள்ளே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் கோடு கொஞ்சம் ஆடியிருந்தது. ஆனாலும் மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் வைத்தும் பார்த்தாள். “மிச்சம் ஒண்ணுமே இல்லம்மா. மறுபடி இறுகுதான்னு அப்பப்ப வந்து காட்டணும். மத்தபடி போயிட்டு வாங்க.”

ரேடியோ பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். இந்தத் தடவை வேகமாக. படிக்கட்டில் கால் வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

“அம்மா! கொஞ்சம் நில்லுங்க!”

டாக்டரம்மா வாசல் வரைக்கும் வந்திருந்தாள். கையில் ரேடியோ மறந்துவிட்டு வந்த, இன்னும் திறக்காத இன்னொரு தண்ணீர் பாட்டில்.

ரேடியோ கணவரின் விலாவில் இடித்தாள். “பாத்தீங்களா? கூப்பிட்டாங்களா, இல்லையா?”

பாட்டிலை வாங்கி அங்கேயே மூடியைத் திருகினாள்.

“ஏம்மா, மொத்தச் சந்தை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீதானே சொன்ன? அது வழியில எங்கயும் நிக்காதே,” என்றார் கணவர்.

“அது நிக்காட்டி என்ன?” என்று அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். “எறங்குற எடத்துல பாத்துக்கறேன். நடங்க, உங்களுக்கு நாற்காலி போட்ட அந்த வியாபாரியை நான் பாக்கணும்.”