மொய் ரூபாய்

போன் திரையில் வாய்க்கால்ராஜா என்ற பெயரில் ஆடுகிறவன் ஆயிரத்தொரு ரூபாய் கட்டியதும் நான் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டேன். கையில் ராணி ஜோடி இருந்தும் விலகினேன். மற்ற இரண்டு பேரும் வீம்புக்குக் கட்டி மொத்தமாகத் தோற்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். ஆன்லைன் போக்கருக்குத் தடை வருவதற்கு முந்தின ஆனி மாதம் அது. பள்ளி விட்டு வந்து காப்பி குடித்த கையோடு போனை எடுத்தால் விளக்கு வைக்கும் வரை ஆடுவேன். அதிர்ஷ்டம் கிதிர்ஷ்டம் என்று என்னிடம் யாரும் பேசக்கூடாது. அடுத்தவன் எப்போது தப்பு செய்வான் என்று காத்துக் கிடக்கிற ஆட்டம் இது. பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி எனக்குத் தப்பு மட்டும்தான் கண்ணில் படும். யார் கோபத்தில் கட்டுகிறான், யார் விட்டதைப் பிடிக்கத் துரத்துகிறான் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

வாய்க்கால்ராஜா செய்தது போன்ற தப்பை மட்டும் நான் எங்கேயும் பார்த்ததில்லை. நல்ல சீட்டு வந்தால் ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று மொய் எழுதுகிற மாதிரி கட்டுவான். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும்போது மொட்டையாக ஐந்நூறு, ஆயிரம். பொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து வைக்க அந்த மனிதனுக்கு மனசு வரவில்லை போல. நம் பக்கத்து ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ரூபாய் சேர்ந்து வந்தால் ஒதுங்குவேன். மொட்டையாக வந்தால் இரட்டிப்பாகக் கட்டி விரட்டுவேன். மூன்று வாரத்தில் அவனிடம் மட்டும் எண்பதாயிரம் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாள்கூட எனக்குப் பாவமாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்னிலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் டிராக்டரைக் காணோம். குறுவை நடவு நேரத்தில் அது எங்கே போயிற்று என்று கேட்டதுதான் தாமதம், அண்ணி மங்களாம்பிகை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வித்துட்டாரும்மா பூர்ணிமா. எந்நேரமும் போன்ல சீட்டு. மிச்சமிருக்கிற ஒம்பது மா நெலத்தையும் நாளைக்கு அடமானம் வைக்கப் போறாராம். அதுவும் போச்சுன்னா புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீ சொன்னா கேப்பாரு."

அண்ணன் பரணிதரன் கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தேன். திரையில் அவர் சீட்டுக்குக் கீழே வாய்க்கால்ராஜா என்று இருந்தது. அடிப்பாவி, கூடப் பிறந்தவரையா இப்படி உரித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அண்ணே, செண்பகம்னு ஒரு பேரு உன் மேசைக்கு வருமே. அது நான்தான். உன் எம்பதாயிரம் எங்கிட்டதான் இருக்கு. இப்பவே அனுப்பிடுறேன். நெலத்த வைக்காத. இந்தக் கருமத்த வுட்டுரு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அறைவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"செண்பகம் நீயா?" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். "அட, நம்ம வூட்டுப் புள்ளையா! நான் யாரோ மெட்ராஸ்காரன்னுல்ல நெனச்சேன். என்னா அடி அடிச்ச!"

"நான் சொல்றது காதுல வுழுவுதா இல்லையா? நெலம் போயிடும்ண்ணே."

"நெலம் எங்கம்மா போவப்போவுது? அதான் நீ இருக்கியே. நாளைக்குப் பணம் வந்துரும். ரெண்டு பேருமா சேந்து வுட்டதெல்லாம் எடுத்துரலாம். நான் எங்க தப்பு பண்றேன், அத மட்டும் சொல்லு."

அவர் சிரித்த சத்தம் கேட்டு அண்ணி கொல்லைக் கதவுக்கு ஓடிவந்தார். எத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்போ, என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, போனை வேட்டியில் துடைத்து என் பக்கம் நீட்டினார்.