சிவப்புச் சுவரில் இரண்டாவது பூச்சு

2016 ஏப்ரல் 9, சனிக்கிழமை காலை, மச்சாக்கோஸுக்குப் போகும் சாலையில் உள்ள இத்தூனி சந்தையில், சியொம்புவாவின் மளிகைக்கடை வெளிச்சுவரிலிருந்து சிமென்ட் பூச்சு மேலிருந்து கீழ்வரை பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

பூசியவர் முத்திண்டி. அந்த வட்டாரத்தில் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்த ஒரே பெண் கொத்தனார். பூச்சு போன இடத்தில் பழைய விளம்பரம் பளபளத்தது. சலவைத்தூள் கம்பெனி ஒன்று இலவசமாக அடித்துக்கொடுத்த சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட் அது. மழைக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில் முத்திண்டி அதன் மேலேயே பூசியிருந்தார்.

எதிர்ச்சாரியில் வேலை பார்த்த கிலோன்சோ மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"பிஸ்கட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பிஸ்கட்டையாவது டீயில தொட்டுத் தின்னலாம்."

அன்று முதல் சந்தையில் முத்திண்டியின் பெயர் பிஸ்கட்காரி. ஆண்டுக் கடைசியில் சந்தைக் கமிட்டி புதிய தானியக் கிடங்கின் சுவர்களைப் பூசக் கொடுக்கவிருந்தது. கிலோன்சோவுக்கோ முத்திண்டிக்கோ என்று இருந்த பேச்சு, கிலோன்சோவுக்கு என்று ஆகிவிட்டது. முத்திண்டியின் ஆட்கள் இரண்டு பேர், வேறு இடம் பார்க்கலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில், மழை இல்லாத நாட்களாகப் பார்த்து, முத்திண்டி அதே சுவருக்குத் திரும்பி வந்தார். இந்த முறை முதலில் பூச்சுக் கரண்டியைக் கையில் எடுக்கவே இல்லை. உளியும் கொத்துச் சுத்தியலும் கொண்டு அவரும் ஆட்களும் சுவர் முழுக்கக் கொத்தினார்கள். சியொம்புவா வெளியே ஓடிவந்தார்.

"ஏன்டி, பூசச் சொன்னா என் சுவருக்கு அம்மை போட்டுவிடுறியே. சிவப்புக் கடைன்னு சொன்னாத்தான் லாரிக்காரனுக்கே வழி தெரியும்."

"அக்கா, அந்தச் சிவப்புதான் கழுத்தறுத்துச்சு. எண்ணெய் மேல சிமென்ட் உக்காராது. போன தடவை நான்தான் அவசரப்பட்டேன். இந்தத் தடவை ஒரு பொட்டு சிவப்பு தெரிஞ்சாலும் பூசமாட்டேன்."

"அதுவரைக்கும் என் சரக்குல எல்லாம் தூசி."

"மாவு மூட்டையை மூடிவைங்கக்கா. எனக்கு ஒரு டீ குடுங்க."

பெயின்ட் போனதும் செங்கல் இடுக்குகளில் இருந்த மண்ணைக் கம்பியால் விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள். கம்பி பிரஷால் தேய்த்தார்கள். கழுவினார்கள். செங்கல் குடிக்கிற வரை தண்ணீர் அடித்து, ஈரம் உள்ளே இறங்கிய பின், சிமென்டும் பருமணலும் கூழாகக் கரைத்து, குச்சி விளக்குமாற்றால் சுவரில் விசிறி அடித்தார்கள். சுவர் முழுக்கச் சொரசொரவென்று பொரிந்து நின்றது.

"இதுதான் பூச்சா? முதலைத் தோல் மாதிரி இருக்கு" என்றார் கிலோன்சோ, சாலையைக் கடந்துவந்து.

"இது பூச்சுக்குப் பிடிமானம். உனக்குத் தெரியாததா மேஸ்திரி? போன தடவை நான் நேரே பூசும்போது எதிர்ல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

கிலோன்சோ சாலையைக் கடந்து தன் வேலைக்குத் திரும்பினார். சிரிப்பு மட்டும் குறையவில்லை.

அந்தத் தெளிப்பை ஈரச் சாக்குப் போட்டு இறுகவிட்டு, பிறகுதான் பூச்சைத் தொட்டார்கள்.

நவம்பர் மழை மூன்று இரவு விடாமல் கொட்டியது. நான்காம் நாள் சந்தை. கமிட்டிக்காரர்கள் கடைக்கு முன் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிலோன்சோ சுத்தியலோடு வந்தார். பிடியால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். பூச்சு உள்ளே சுவரை விட்டுப்போயிருந்தால் வெறும் பானையைத் தட்டினதுபோல் கேட்கும். முத்தோகோய் என்னும் சோள அவியல் விற்றவள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் கிலோன்சோ நின்றார்.

"இங்க பொள்ளலா இருக்கு."

"எல்லா இடமும் ஒரே மாதிரிதான்பா கேக்குது" என்றார் கமிட்டித் தலைவர்.

"நாப்பது வருஷமா சுவர் தட்டின காது சார் இது. பொள்ளல்தான்."

முத்திண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அப்ப உடைச்சுப் பாரு."

"என் சுவர்டி அது" என்றார் சியொம்புவா.

"உடைக்கட்டும்க்கா."

கிலோன்சோ ஓங்கி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. உளி வைத்து இன்னும் நாலைந்து அடி அடித்ததும் கையகலத் துண்டு ஒன்று வந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்கச் செங்கல் ஒட்டியிருந்தது. பூச்சு சுவரை விடவில்லை. செங்கல்தான் பிளந்து கூடவே வந்திருந்தது.

கமிட்டித் தலைவர் துண்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது கைக்குக் கை மாறியது. முத்தோகோய்க்காரி முதலில் சிரித்தாள். பிறகு சந்தையே சிரித்தது. முத்திண்டியின் ஆட்கள் இருவரும் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் திட்டிக்கொண்டே இறங்கினார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓட்டையை யார் அடைக்கிறது?" என்று கேட்டார் சியொம்புவா.

"உடைச்சவர்தான்" என்றார் முத்திண்டி. "ஆனா மேஸ்திரி, முதல்ல நல்லாத் தண்ணி அடி."

அன்று மாலை கிலோன்சோ தன் சிமென்டிலேயே அந்த இடத்தைப் பூசினார். தானியக் கிடங்கின் நான்கு சுவர்களும் அடுத்த வாரம் முத்திண்டிக்குக் கொடுக்கப்பட்டன. ஜனவரியில் வேலை தொடங்கியது.