கோடு விழாத இருட்டு

நாடக அரங்கில் எல்லோருக்கும் அவள் ‘கரண்ட் அக்கா’. மேடையின் ஆறு எல்.இ.டி. விளக்குகளையும் மங்க வைக்கும் சர்க்யூட்டுகளைத் தன் கையாலேயே செய்து மாட்டியிருந்தாள். அவற்றைப் பற்றி யாராவது கேட்டால் போதும், பேச்சை நிறுத்த மாட்டாள்.

அன்று நாலு மணிக்கு நாடகம், முதல் தடவையாக நேரலையில். கேமராவுக்கு வந்திருந்தவன் அவளுடைய கொழுந்தன். மூணு மணிக்குக் கடைசிக் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். விளக்கு தாழத் தாழ, நடிகையின் முகத்தில் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து மேடையைப் பார்த்தால் ஒரு கோடும் இல்லை.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சர்க்யூட்டில் இருக்கும் சிப், விளக்கை நொடிக்கு இருநூறு தடவை ஏற்றி அணைக்கிறது. எரியும் நேரத்தைக் குறைத்தால் மங்கலாகத் தெரியும். அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும், கேமராவுக்குத் தப்பாது.

விளக்கைத் தாழ்த்தாமல் முடித்துவிடலாம் என்றார் இயக்குநர். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெறும் வீட்டில் ஒரு தாய் உட்கார்ந்திருக்க, வெளிச்சம் வடிந்து வடிந்து அவள் கைகள் மட்டும் மிஞ்சும் காட்சி அது. அதற்காகத்தானே இத்தனையும் செய்தாள்?

சிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு சின்ன ரெசிஸ்டர். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி, முதல் சர்க்யூட்டில் அதை மாற்றி, நொடிக்கு ஐயாயிரமாக ஏற்றினாள். கோடுகள் மாயமாகிவிட்டன. அவள் துள்ளி எழுவதற்குள் வேறு வினை வந்தது: வெளிச்சம் அடிமட்டத்துக்குப் போனதும் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. துடிப்பு அவ்வளவு குறுகிப்போனதில், விளக்குக்கு எரியவே நேரம் போதவில்லை.

நடுவாக ஆயிரத்தில் வைத்தாள். இப்போது அணையவில்லை. ஆனால் மயிரிழைபோலக் கோடுகள் எட்டிப் பார்த்தன. மணி மூன்றரை. கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான்.

அவள் மேடையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கடைசிக் காட்சியில அவங்க அசையவே மாட்டாங்கல்ல?”

“ஆமா அண்ணி, சும்மா உட்கார்ந்திருப்பாங்க.”

“அப்ப கேமரா ஷட்டரை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வை. அசைஞ்சாத்தானே படம் கலையும்? ஒவ்வொரு படத்துக்குள்ளயும் நிறையத் துடிப்பு விழுந்துட்டா, எல்லாம் ஒண்ணாக் கலந்து கோடு மறைஞ்சுடும்.”

அவன் கேமராவின் குமிழைத் திருகினான். திரை துடைத்துவிட்டது போலாயிற்று.

மீதி ஐந்து சர்க்யூட்டுகளையும் மாற்ற இருபது நிமிடம். விரல் நுனியைச் சுட்டுக்கொண்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கடைசி மூடியை மாட்டும்போது ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. அவள் விளக்குகளை மங்க வைக்கும் பிடியை மெல்ல இறக்கினாள். சுவர் மறைந்தது, நாற்காலி மறைந்தது, முகம் மறைந்தது. கைகள் மட்டும். பிறகு அவையும் எப்போது போயின என்று யாருக்கும் தெரியாமல் போயின. அப்புறம் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அவள் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு கேமராவிடம் ஓடினாள்.

“போட்டுக் காட்டுடா, சீக்கிரம்.”

காட்டினான். கைகள் மறையும்வரை ஒரு கோடும் இல்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.