தெருக்குத்து வீட்டின் மதிப்பு

வீட்டுக்கு மதிப்புப் போட வருகிற இன்ஜினியருக்குக் காப்பி கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையிலேயே புவனேஸ்வரிக்கு அந்தக் காலை பாதி கழிந்துவிட்டது. கொடுத்தால் ஆளை மடக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பார். கொடுக்காவிட்டால் வெயிலில் வந்த மனிதர் முகம் சுளிப்பார். கடைசியில் மோர் கரைத்து வைத்தாள். மோரை யாரும் லஞ்சம் என்று சொல்லிவிட முடியாது.

தாடிக்கொம்பு ரோட்டை ஒட்டிய அந்தப் புது மனைப்பிரிவில் வீடு கட்டியபோது, சம்பளச் சீட்டு இல்லாத அவர்களுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனி தந்தது. அதற்கான கூலியை வட்டியில் பிடித்துக்கொண்டது. அந்தத் தவணையைக் கட்டத்தான் கணவன் கண்ணுசாமி திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை வருவான், சாயங்காலம் பஸ் ஏறுவான். ஆறு வருஷமாக இதே கதை. இப்போது புவனேஸ்வரிக்கு அங்கன்வாடிச் சம்பளம் வருவதைப் பார்த்து, ஓர் அரசு வங்கி அந்தக் கடனைக் குறைந்த வட்டிக்குத் தன் பக்கம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. தவணை குறைந்தால் கண்ணுசாமி உள்ளூர் மில்லிலேயே குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிடலாம். ஆனால் வங்கிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டு மதிப்பில் முக்கால் பங்குக்குள் பாக்கிக் கடன் அடங்க வேண்டும்.

இன்ஜினியர் சிவபிரகாஷ் சின்னப் பையனாகத்தான் இருந்தான். கையிலிருந்த கருவியிலிருந்து சிவப்புப் புள்ளியைச் சுவரில் அடித்து அறை அறையாக அளந்தான். சீட்டுப் பணத்தை எடுத்து அவள் ஆசையாகப் போட்ட அடுப்படி கிரானைட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்ததும்தான் நின்றான், நின்றவன் நகரவில்லை.

வாசலில் பிள்ளையார் இருந்தார். எதிரே நீண்டு வரும் தெரு நேராக இந்த வீட்டில்தான் வந்து முட்டும். குடிவந்த மாதமே ஒரு டெம்போ அப்படி வந்து கேட்டைப் பெயர்த்துவிட்டது. தெருக்குத்து, பிள்ளையாரை வைத்தால்தான் சரிப்படும் என்று தெருவே சொன்னது. காம்பவுண்டுக்குள் வைத்தார்கள். பிறகு கும்பிட வந்தவர்கள் சுற்றி வருவதற்காகப் பெயர்ந்த கேட்டைத் திரும்ப மாட்டவில்லை. தகரக் கொட்டகை வந்தது, மணி வந்தது.

இன்ஜினியரைக் கண்டதும் எதிர்வீட்டுப் பொன்னழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். டவுன் பஸ் கண்டக்டர். அந்தப் பிள்ளையாருக்குத் தன்னைத்தானே பூசாரியாக நியமித்துக்கொண்டவரும் அவர்தான்.

“பேங்குல இருந்தா அப்பு? நல்லாப் போடுங்க. இது லேசுப்பட்ட வீடு இல்ல. சங்கடஹர சதுர்த்திக்கு வந்து பாருங்க, எள்ளு போட்டா கீழ விழாது.”

“அம்புட்டு பேரும் எங்கண்ணே நிப்பாங்க?” என்றான் சிவபிரகாஷ்.

“இந்தா, இந்த போர்ட்டிகோவுலதான். சுத்தி வாரதும் இப்படி உள்ளுக்குள்ள பூந்துதான். புவனா ஒரு வார்த்தை சொல்லாது. தங்கமான பிள்ள.”

புவனேஸ்வரி கண்ணைக் காட்டினாள். அவருக்கு அது ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’ என்பதுபோல் பட்டது.

“பழனிக்கு நடந்து போறவுக கூட இங்கன படுத்து எந்திரிச்சுத்தான் போறாக.”

“கோயிலு யாருதுண்ணே?”

“யாருதா? தெருவுக்கே பொதுவு!” என்று பெருமையாகக் கொட்டகையைக் காட்டினார். அங்கே தொங்கிய டியூப் லைட்டில், உபயம் செய்தவர்களின் பெயர்கள் பாதி வெளிச்சத்தை மறைத்திருந்தன. சிவபிரகாஷ் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

அவர் போனபிறகு மோரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “அக்கா, நீங்க கடன் கட்டலைன்னு வைங்க...”

“கட்டிருவோம் சார்.”

“கட்டுவீங்க. ஒரு பேச்சுக்குத்தான். பேங்கு எங்கிட்ட கேக்குறது ஒண்ணுதான். நீங்க யாருமே இல்லாத இந்த வீட்டை, முன்னபின்ன தெரியாத ஒருத்தன் எம்புட்டுக்கு வாங்குவான்? தெருக்குத்துன்னாலே கொஞ்சம் கொறைச்சுத்தான் கேப்பான். அது கூடப் பரவாயில்ல. வாசலைப் பூட்ட முடியாத வீட்டை எவன் வாங்குவான்? பொதுக்கோயிலுன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. நான் காதுல விழாத மாதிரி எழுத முடியாது.”

“அப்ப பிள்ளையாரை எடுக்கணுமா?”

“ஐயோ, அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. கோயிலு தனியா, வீட்டுக்குத் தனிக் கேட்டுன்னு பிரிஞ்சு இருந்தா, அந்த எடத்தைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குப் போடலாம். ஒரு வாரம் ரிப்போர்ட்டைக் கையில வச்சிருக்கேன்.”

அவன் போனபின் புவனேஸ்வரி தெருவில் இறங்கி நின்று வீட்டைப் பார்த்தாள். தான் இல்லாத வீடாக அதை நினைத்துப் பார்க்க முயன்றாள். செங்கல் இறக்கிய நாளும், தளம் போட்ட அன்று பெய்த மழையும்தான் ஞாபகத்துக்கு வந்தன. வாங்க வருகிறவனுக்கு அந்த மழை எதற்கு? அவன் கேட்டைத்தான் தேடுவான். அந்தப் பையன் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. அதுதான் அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது.

போனில் கண்ணுசாமி, “சாமியை எடுக்க வேணாம் புவனா,” என்றான்.

“எடுக்கல. பின்னாடி சுவரு வைக்கலாம்.”

“பொன்னழகண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.”

கேட்டாள். பொன்னழகு குதித்தார். “சுத்தி வர எடமில்லாம ஒரு கோயிலா? டெம்போக்காரன் முட்டுனா பிள்ளையாரு வேணும், பேங்குக்காரன் வந்தா வேணாமா? நல்லா இருக்கும்மா உங்க நாயம்!”

“அண்ணே, நீங்க பேசுனதுலதான் மதிப்பே விழுந்துச்சு.”

அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். “நான் ஒசத்தியாத்தானம்மா சொன்னேன்?”

“ஒசத்தியாத்தாண்ணே சொன்னீங்க. அதான் வெனை. எங்க வீட்டுக்காரரு சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறாரு. அவரு இங்க வரணும். முன்னால இருக்குற எடத்தைத் தெருவுக்கே விட்டுர்றேன். நாளைக்கு எனக்குப் பாத்தியதைன்னு வந்து நிக்க மாட்டேன்.”

“அப்ப சுத்துறது?”

“நின்ன எடத்துலயே தன்னைத்தானே சுத்திக்கிட வேண்டியதுதான்.”

இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கொத்தனார் நூல் பிடித்த அன்று டியூட்டிக்குக்கூடப் போகாமல் வந்து, “ஏலே, சாமி முதுகுல இடிக்காம வை. ஒரு சாண் தள்ளி வை,” என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சாணும் புவனேஸ்வரியின் இடத்தில்தான் போயிற்று. சாயங்காலம் முட்டிவலிக்கார ஆனந்தி, நின்ற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, “இதுவே தேவலையே,” என்று போனாள்.

சிவபிரகாஷ் மறுபடி வந்தான். பிள்ளையார் இடத்தைக் கழித்தான், தெருக்குத்துக்கும் கொஞ்சம் கழித்தான். புதுக் கேட்டின் முன்னால் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் வங்கியிலிருந்து போன் வந்தது. பாக்கிக் கடன் இழுத்துப் பிடித்து முக்கால் பங்குக்குள் அடங்கிவிட்டதாம். மாற்றிக்கொள்ளலாம், மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்கக்கூடாது என்றார்கள்.

திருப்பூருக்குப் போன் போட்டுத் தொகையைச் சொன்னாள்.

“நாம போட்ட காசு கூட வரலையே,” என்றான் கண்ணுசாமி.

“வரலைதான்.”

பட்டறை இரைச்சலுக்குள்ளிருந்து அவன் மறுபடி கேட்டான்.

“அப்ப இங்க கணக்கு முடிச்சுரட்டா?”

“முடிச்சுட்டு வாங்க.”

“புதுக் கேட்டு பூட்டுற மாதிரியா வச்சிருக்கு?”

“ஆமா.”

“அப்ப எனக்குன்னு ஒரு சாவி போட்டு வை,” என்றான்.