இடது பக்கத்து போல்ட்

லைல் தன் பட்டறையில் அந்தப் பிஸ்டலை மூடியிருந்த துணியை விலக்கியபோது நோரீனுக்கு ஒரு கணம் மூச்சே நின்றுவிட்டது. பிஸ்டல் என்றால் இடுப்பில் செருகுகிற சாமான்தானே நினைவுக்கு வரும். இது அந்தச் சாதியே இல்லை. எல்க் மானைச் சாய்க்கிற ரைஃபிளின் உடம்பு, காலித் தோட்டாவைத் தள்ளி அடுத்ததை ஏற்றக் கையால் இழுத்து மூடும் ரைஃபிளின் போல்ட், ரைஃபிளின் தோட்டா. தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டை மட்டும் கிடையாது. குழல் குட்டையானது. நடுவில் வால்நட் மரத்தில் ஒரு கைப்பிடி, அவளுடைய வலது உள்ளங்கையைக் களிமண்ணில் அச்செடுத்துச் செதுக்கியது. பிடித்துப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் தானாகப் போய்த் தன் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டன. தன் கூடப் பிறந்தவனுக்கு இப்படி ஒரு கைவேலை வருமா என்று அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

அப்புறம்தான் போல்ட்டைத் தேடினாள். அதன் பிடி இடது பக்கம் இருந்தது.

நோரீனுக்கு இடது கை கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பனி உறைந்த சாலையில் டிரக் உருண்டதில் முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. வலது தோள் எலும்பிலும் தகடு வைத்திருக்கிறார்கள். ரைஃபிளின் உதையை இனி அந்தத் தோள் தாங்காது. அதனால்தான் தோளே வேண்டாத இந்தத் துப்பாக்கி.

"டேய் லைல், இத நான் எந்தக் கையால இழுக்கறது?"

லைல் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ... அக்கா..."

"சொல்லுடா. பல்லால கடிச்சு இழுக்கவா?"

இந்த மாதிரிப் பிஸ்டல் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலது கை பிடியை விட்டு நகரவே கூடாது; போல்ட்டை இழுப்பது இடது கையின் வேலை. அதனால் வலது கைக்காரனுக்கு இடது போல்ட். லைல் இதுவரை செய்ததெல்லாம் அப்படித்தான். ஒற்றைக் கைக்காரிக்கும் அதே கணக்கில் செய்து வைத்திருக்கிறான்.

"செய்யும்போதெல்லாம் நீ படுத்துச் சுடறத மனசுல பாத்துக்கிட்டேதான் செஞ்சேன்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுல உனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு."

நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பாவோட ரைஃபிள் வலது போல்ட்டுதானே? அதப் பிரிச்சு இதுல மாட்டு."

"அது முடியாதுக்கா. இது பிஸ்டலுக்குன்னே புதுசா வாங்கின உடம்பு. ரைஃபிளாப் பொறந்ததப் பிஸ்டலா மாத்தினா சட்டப்படி என்னப் புடிச்சு உள்ள வெச்சிடுவாங்க. அனுமதி கேட்டு எழுதிப் போட்டா வேட்டை சீசனே முடிஞ்சிடும். வலது போல்ட்டு உடம்பு புதுசா வாங்கணும்னா, வர வசந்த காலம் ஆயிடும்."

சீசன் இன்னும் மூன்று வாரத்தில். பெரிய கொம்பு மலை ஆட்டுக்கான அனுமதி வயோமிங் மாநிலத்தில் குலுக்கலில்தான் விழும். வாலிப வயதிலிருந்து எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தவளுக்கு இந்த வருஷம்தான் விழுந்திருக்கிறது. இனி ஆயுசுக்கும் விழப் போவதில்லை. விபத்துக்கு அப்புறம் அவள் தட்டில் இறைச்சியை வெட்டிக் கொடுத்தார்கள், கோட்டுக்குப் பித்தான் போட்டுவிட்டார்கள், ஜாடி மூடியைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் தாங்க முடியவில்லை. இந்த ஒரு ஆட்டை மட்டும் அவள் தன் கையாலேயே எடுக்க வேண்டும்.

"நீ வா, பைனாகுலர்ல பாரு, இறைச்சியச் சுமந்துக்கிட்டு வா. ஆனா துப்பாக்கில உன் சுண்டு விரல்கூடப் படக்கூடாது," என்றாள். லைல் தலையாட்டினான்.

மறுநாள் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுப் பார்த்தார்கள். பக்கத்துப் பண்ணை மெர்ல் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். "தகர டப்பா சுடற சாமான எடுத்துக்கிட்டு மலை ஏறப் போறியா நோரீன்? ஆடு சிரிச்சே செத்துடும்."

நோரீன் மண்ணில் படுத்தாள். முன்னால் குழலைத் தாங்கும் இரட்டைக் கால், பின்னால் மணல் பை, கைநீட்டுத் தூரத்தில் குறி பார்க்கும் ஸ்கோப். விசையைத் தொட்டதுதான் தெரியும். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பிஸ்டல் துள்ளி அவள் உள்ளங்கையிலேயே விழுந்தது. முன்னூறு கெஜத்தில் மூன்று குண்டு. மெர்ல் தாமே நடந்து போய்க் குறி அட்டையை எடுத்து வந்தார். மூன்று ஓட்டையையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். நோரீனுக்கும் உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு சின்ன இரும்புக்குள் அவ்வளவு நேர்மை!

ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் அவள் பிடியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, பிஸ்டலைத் தொடையில் கிடத்தி, வலது கையைக் குறுக்கே போட்டு போல்ட்டை இழுத்து, மறுபடி படுத்துக் குறியைத் தேட வேண்டியிருந்தது.

"அதுவரைக்கும் ஆடு காபி குடிச்சுக்கிட்டு நிக்குமா?" என்றார் மெர்ல்.

"ஒரு குண்டு போதும்."

குதிரைகளில் அப்சரோகா மலைக்குள் போனார்கள். மரங்கள் முடிகிற இடத்தில் குதிரைகளைக் கட்டிவிட்டு, சரளைச் சரிவில் நடந்தார்கள். நான்காம் நாள் காலையில் ஒரு பாறை முகட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்த நோரீன் அப்படியே உறைந்துபோனாள்.

எதிர்ச் சரிவில், வானத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டில் கிடா நின்றது. கொம்புகள் கன்னத்தைச் சுற்றி முழு வட்டம் போட்டு, நுனி சிதைந்து, தழும்பேறிக் கிடந்தன. எத்தனை பனிக்காலம், எத்தனை மோதல்! அதன் மூச்சுகூட வெள்ளையாகத் தெரிந்தது. இதைச் சுட நான் யார் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது அவளுக்கு. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்ததில் கண் கலங்கியது.

"எரநூத்தி எண்பது கெஜம்," என்றான் லைல் குசுகுசுவென்று. அவளுடைய இடது பக்கத்தில் படுத்திருந்தான். வாக்குத் தவறக்கூடாதென்று இரண்டு கையையும் மார்புக்கடியில் மடக்கி வைத்திருந்தான்.

பிஸ்டலைப் பாறையில் ஊன்றினாள். பாதி மூச்சு விட்டாள். விசையைத் தொட்ட நேரத்தில் பள்ளத்திலிருந்து காற்று எழும்பியது.

கிடா முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. விழவில்லை.

"பின்னாடி பட்டுடுச்சுக்கா. வயித்துல."

நோரீன் பிடியை விட்டுவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினாள். இரட்டைக் கால் பாறையில் வழுக்கியது; பிஸ்டல் சரிந்தது. அவசரமாக நிமிர்த்திப் பிடித்தாள். ஸ்கோப்பில் வெறும் பாறை. தேடிப் பிடித்தபோது கிடா ஓரடி வைத்திருந்தது. இன்னும் நாலடி போனால் விளிம்பு. அதற்கப்பால் யாரும் இறங்க முடியாத பள்ளம். அங்கே விழுந்து, குடலில் குண்டோடு, சாவதற்குள் இரவாகிவிடும். அவள் எழுந்து உட்கார்ந்து போல்ட்டை இழுத்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

லைல் அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கேட்டால் ஒழிய அவன் கை வராது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது அடி.

"லைல்," என்றாள். "போல்ட்டு."

அவன் கை வந்தது. அவளுடைய இடது கை இருந்திருந்தால் எங்கிருந்து வந்திருக்குமோ, சரியாக அங்கிருந்து. தூக்கி, இழுத்து, தள்ளி, மூடியது. காலித் தோட்டா கல்லில் கிணிங்கென்று உருண்டது. அவளுடைய வலது கை பிடியை விட்டு நகரவில்லை. கண் கிடாவை விட்டு அகலவில்லை. கட்டினவன் மனசில் பார்த்தபடியே, இரண்டு கையால் சுடுகிற ஒருத்தி அந்தப் பாறையில் படுத்திருந்தாள். அவள் விசையைத் தொட்டாள்.

கிடா முழங்காலிட்டு, விளிம்புக்கு இந்தப் பக்கமே சாய்ந்தது.

பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. நோரீன் கிடாவின் பக்கத்தில் மண்டியிட்டு, சூடு ஆறாத கழுத்தில் கை வைத்து, "மன்னிச்சுக்கோ," என்றாள். முதல் குண்டுக்காக.

லைல் கத்தியைத் தீட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "என் தப்பாலதான்க்கா நீ தனியா முடிக்க முடியாமப் போச்சு. வசந்த காலத்துல வலது போல்ட்டு வந்துடும். புதுசா ஒண்ணு கட்டித் தரேன்."

நோரீன் தன் காலிச் சட்டைக் கையைப் பார்த்தாள். இந்த மூன்று வருஷமாக ஊரில் எல்லோர் கண்ணும் முதலில் அதில்தான் போய் விழும். இவன் ஒருத்தனுக்குத்தான் அது மறந்துபோயிருக்கிறது. அதற்காகத்தானே இவனை அன்றைக்கு அத்தனை திட்டினோம் என்று நினைத்தாள்.

"வேணாம்," என்றாள். "இது எனக்குச் சரியா இருக்கு. நீ அறு, நான் காலப் புடிச்சுக்கறேன்."