கேட்டது கேட்டபடி

"அப்புறம் நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? பேப்பரைக் காட்டி, 'இது நீ பேசினதுதானா'ன்னு கேட்டாங்க. பாதி வார்த்தை வாயிலேயே நுழையலக்கா. 'நான் இப்படியெல்லாம் பேசவே மாட்டேன் சார்'னு சொல்லிட்டேன். வாக்குமூலத்தை மறுத்துட்டான்னு எழுதிக்கிட்டாங்க. விசாரணை முடிஞ்சு போச்சாம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

தம்பி, குடோனில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவன். போன மாதம் பிரேக் பிடிக்காமல் வண்டி போய் மோதியதில் ஒரு வரிசை அலமாரியே சரிந்தது. பிரேக் சரியில்லை என்று மூன்று முறை சூப்பர்வைசரிடம் சொன்னதை, விசாரணையில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் சொல்லியிருந்தான். வேலை போகாமலிருக்க அவனுக்கிருந்த ஒரே பிடி அதுதான்.

"எவனோ மேதாவி டைப் அடிச்சிருக்கான். அவன் கை விளங்காமப் போக."

"டேய், அந்தக் கை என்னோடதுடா."

பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. காதில் ஹெட்போன், மேசையில் கம்ப்யூட்டர். கம்பெனிகள் அனுப்பும் விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டது கேட்டபடி அடிக்க வேண்டும். "இங்கிலீஷை எப்படிப் பேசணும்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எப்படிப் பேசுறாங்களோ அப்படியே எழுதத்தான் உங்களுக்குச் சம்பளம்" என்று முதல் நாளே மேனேஜர் சொல்லியிருந்தார். 'ஹி டோன்ட் நோ' என்று எவனாவது சொன்னால் அவளும் அப்படியே அடிப்பாள். ஒருநாளும் கை கூசியதில்லை.

வீட்டில் சட்டம் வேறு. அப்பா ஆங்கில வாத்தியார். ஹாஸ்டலிலிருந்து தம்பி, 'வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைப் பத்தொன்பது சிவப்பு வட்டங்களோடு அவனுக்கே திருப்பி அனுப்பினவர். கூட்டிவரப் போகவில்லை.

தம்பியின் விசாரணைப் பதிவு அவள் மேசைக்கே வந்த அன்று, ஹெட்போனில் அவன் குரல் கேட்டது. 'ஐ டெல் ஹிம் த்ரீ டைம், பிரேக் நோ குட். ஹி லாஃப்.' பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் குடோனில் எல்லோரும் பேசுவது அந்த ஆங்கிலம்தான். அதிலேயே சண்டை போட்டு, அதிலேயே சிரித்து, ஒரு பெட்டி இடம் மாறாமல் வேலை பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் முகம் சுட்டது. கோட் போட்ட நாலு பேர் இதைப் படித்துச் சிரிப்பார்களே என்று தோன்றியது. 'ஐ ரிப்பீட்டட்லி இன்ஃபார்ம்ட் மை சூப்பர்வைசர்' என்று தொடங்கி, இரண்டு பக்கத்தையும் பளபளவென்று துடைத்து வைத்தாள். தம்பிக்கு நல்லது செய்த நிம்மதியில் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள்.

"உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தாண்டா..."

"அப்பாவும் அதைத்தான் சொன்னார்."

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அந்த சூப்பர்வைசருக்குக்கூட என் இங்கிலீஷ் புரிஞ்சுதுக்கா. புரிஞ்சுதான் சிரிச்சான்." அவன் எழுந்து செருப்பை மாட்டினான். "டைப் அடிச்ச இடத்துலருந்து தப்புன்னு எழுதிக் கொடுத்தா, திங்கட்கிழமைக்குள்ள திரும்ப விசாரிப்பாங்களாம். உன் வேலை போயிடும்னு எனக்கும் தெரியும்."

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மாத்தினது நான்தான்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கா. உன்னோட நல்ல இங்கிலீஷ்லயே எழுது."