பேசாத நேரம்

ஜூன் மாத நடுவில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருளை விற்ற கம்பெனி, அது பழுதாகிவிட்டது என்று போன் செய்கிறவரிடம் சாதாரண அழைப்புக்கு ஆகிற காசுக்கு மேல் ஒரு பென்னி கூட வாங்கக் கூடாது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஆற்றோரமாக இருந்த, வீட்டு மின்சாதனக் கம்பெனி ஒன்றின் தொலைபேசி உதவி மையத்தில் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு வாங்கிய எண் மாறியது. சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையும் மாறியது. போன மாதம் வரை அதிக நேரம் பேசியவர்களின் பெயர்களை வரிசையாக அதில் எழுதியிருப்பார்கள். முதல் பெயருக்கு ஒரு டப்பா சாக்லேட். இப்போது சீக்கிரம் முடித்தவர்களின் பெயர்கள். முதலிடத்திலேயே இருந்து பழகிய லினெட் கடைசிக்கு வந்துவிட்டாள்.

"ஒரே வாரத்துல எப்படி இவ்வளவு மோசமாயிட்டீங்க?" என்றான் கீரன். அவள் உட்கார்ந்திருந்த மேஜை வரிசைக்கு அவன்தான் மேற்பார்வையாளன். வயதில் அவளுக்குப் பாதி.

"நான் அப்படியேதான் இருக்கேன். பலகையைத்தான் திருப்பி எழுதிட்டீங்க."

"அப்ப ஒவ்வொரு நிமிஷமும் நமக்கு வரவு. இப்ப செலவு. நாலு நிமிஷத்துல முடிங்க, போதும். முக்கியமா பேசாம இருக்காதீங்க. பேச்சு நின்னா என் திரையில சிவப்பா எரியுது. மேல இருக்கறவங்க என் கழுத்தைப் பிடிக்கறாங்க."

அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பேசாத நேரம்'. முன்பு அதை யாரும் கண்டுகொண்டதில்லை. வாடிக்கையாளர் ரசீதைத் தேடி மாடிக்குப் போய் வரட்டும், நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வரட்டும், காத்திருங்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லினெட்டுக்குக் காத்திருப்பது சிரமமாக இருந்ததில்லை. குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை அவள் வாய் திறக்க வேண்டிய அவசியம் வராது. வாரத்தின் முதல் அழைப்பில் அவள் குரல் கரகரவென்று வரும். தண்ணீர் குடித்தபின்தான் சரியாகும்.

செவ்வாய்க்கிழமைகளில் மிஸ்டர் பிக்கரிங் கூப்பிடுவார். விட்பி என்ற கடலோர ஊரில் தனியாக இருந்தவர், பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஃப்ரீஸர் ஒருமுறை உண்மையாகவே பழுதாகி, ஆள் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாயிற்று. அதன்பிறகும் விடவில்லை. வேறு யார் எடுத்தாலும் லினெட்டிடம் கொடுக்கச் சொல்லிக் காத்திருப்பார். "ஏதோ சத்தம் வருது, கண்ணு. நீயே கேளு" என்று போனை ஃப்ரீஸர் பக்கத்தில் பிடிப்பார். அவள் கேட்பாள். 'ம்ம்' என்று ஒரே சீரான ஓசை. அதற்குப் பின்னால் எங்கோ கடற்பறவை கத்தும். இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மௌனத்துக்கு அவர் நிமிஷக் கணக்கில் காசு கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சட்டம் வந்தபின் முதல் செவ்வாயன்று அவர் உற்சாகமாக இருந்தார். "பேப்பர்ல படிச்சேன். இனிமே நீங்க என்னைக் கொள்ளையடிக்க முடியாது. நிதானமாக் கேக்கலாம்."

போனை ஃப்ரீஸரிடம் கொண்டுபோனார். லினெட் பேசிக்கொண்டே இருந்தாள். கதவின் ரப்பரைத் துடைக்கச் சொன்னாள், பின்பக்கம் தூசி இருக்கும் என்றாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள்.

"நீ இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா சத்தம் எப்படிக் கேக்கும்?" என்றார் அவர்.

அவள் நிறுத்தினாள். கீரன் தன் இடத்திலிருந்து எழுந்து நின்றான்.

மாலையில் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை எரிஞ்சா மின்னஞ்சலுக்குப் பதில் எழுதற பிரிவுக்கு மாத்திடுவாங்க. என் கையில இல்ல" என்றான். அந்தப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே போனே கிடையாது. பேசுவதற்கு ஒருவருமில்லாத ஐந்து நாட்கள் ஏற்கனவே இருக்கிற இரண்டு நாட்களோடு சேர்ந்துகொள்ளும் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த செவ்வாயன்று அவர் போனை நகர்த்துவதற்குள் முந்திக்கொண்டாள். "அது சாதாரணச் சத்தம்தான், மிஸ்டர் பிக்கரிங். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்ல" என்றார் அவர்.

பலகையில் லினெட்டின் பெயர் இரண்டு இடம் மேலே ஏறியது. அதற்கடுத்த செவ்வாய் அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை.

அவருடைய எண்ணை அவள் எங்கும் எழுதிவைத்துக்கொண்டதில்லை. திரையில் பார்த்துப் பார்த்து மனதில் தங்கிவிட்டது. வாடிக்கையாளரைச் சொந்த போனில் கூப்பிட்டால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீ ஆறிப்போகும் வரை யோசித்துவிட்டு எண்களை அழுத்தினாள்.

"நான் லினெட்."

"எந்த லினெட்?"

"ஃப்ரீஸர் விஷயமா நீங்க பேசுவீங்களே."

"எங்கிருந்து பேசற?"

"வீட்டிலேர்ந்து."

அவர் குரல் மாறியது. "கம்பெனிக்காரங்க வீட்டிலேர்ந்து கூப்பிடமாட்டாங்க. என் மருமக போன் மோசடி பத்தின போலீஸ் நோட்டீஸைக் கதவுலயே ஒட்டிவச்சிருக்கா. எடுத்ததும் பேங்க் நம்பர் கேப்பீங்க."

"நான் ஒண்ணும் கேக்கல."

"முதல்ல ஒண்ணும் கேக்கமாட்டாங்களாம். அன்பாத்தான் பேசுவாங்களாம்." சட்டென்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே கூப்பிட்டார். இந்தமுறை ஃப்ரீஸர் பேச்சே இல்லை. வேகமாகப் பேசினார்.

"உன் பேரைச் சொல்லி ஒருத்தி ஏமாத்தப் பார்த்தா, கண்ணு. அச்சு அசல் உன் குரல். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா."

"போனை வச்சது சரிதான்" என்றாள் லினெட். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"அவ நம்பர் என் போன்ல விழுந்திருக்கு. சொல்றேன், எழுதிக்கோ. புகார் கொடுத்து உள்ள தள்ளிடலாம்." கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய வீட்டு எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். பாதி வரை அவள் கை தானாகத் தட்டச்சு செய்தது. பிறகு நின்றது.

"மிஸ்டர் பிக்கரிங், அதைப் புகார்ல போட வேண்டாம்."

"ஏன்?"

"நீங்களே வச்சுக்கோங்க. பேசணும்னு தோணினா அந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. காசு சாதாரணக் காசுதான்."

அவர் பதில் சொல்லவில்லை. அவளும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. கீரன் இரண்டு முறை கையை ஆட்டினான், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுமுனையில் மூச்சு கேட்டது, கடற்பறவை இல்லை. ஜன்னலைச் சாத்தியிருக்கிறார் போல.

"சரி" என்றார் கடைசியில். என்ன சரி என்று சொல்லாமல் வைத்தார்.

கீரன் அந்தப் பதிவை மேலே அனுப்பவில்லை. சிவப்பு எரிந்ததை மட்டும் மறைக்க முடியவில்லை என்றான். வேலை தப்பியது, ஆனால் அவளை மின்னஞ்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஆறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். காலையில் தலையசைப்பார்கள், மாலையில் தலையசைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லினெட் கடைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஆகஸ்ட் முடியும் வரை போன் ஒரே ஒருமுறைதான் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுத் தருவதாக ஒரு பையன் எழுதிவைத்ததை மூச்சு விடாமல் படித்தான். வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள் என்ற பயம் அந்த வேகத்தில் தெரிந்தது.

லினெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நிதானமாச் சொல்லுப்பா" என்றாள். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."